வேப்பங்குழை கட்டிய வீடு

பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடந்த ஒரு முற்பகலில், தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதி, தூக்குவாளிக்காரப் பெண்களெல்லாம் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஊரை அளக்கும் கருவி பேட்டைத் தெருவுக்குள் வந்தது. அது வந்து போன பிறகு அந்தத் தெருவில் ஒரு வீடு மெலியத் தொடங்கியது. வீடு மெலிந்ததைத் தெரு பார்த்தது, பார்த்துவிட்டுச் சோறு பொங்கப் போனது.

கருவியை முதுகில் சுமந்து வந்தவன் பூபாலன் என்ற இளைஞன். அவன் தலைக்கு மேலே செம்பு அளவுக்கு ஒரு உருளை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத ஒளியை நாலு பக்கமும் வீசும் என்றும், வீசின ஒளி சுவரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் என்றும், கையில் இருக்கிற கம்பு வானத்துச் செயற்கைக்கோள்களின் பேச்சைக் கேட்டு நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடும் என்றும், கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சலிக்காமல் சொன்னான். நாம் நிற்கிற இடமும் நம்மைச் சுற்றி நிற்பவையும் கருவிக்குத் தெரிந்தால் போதுமாம். பேட்டைத் தெருக்காரர்கள் அதுவரை இந்த இரண்டும் தெரியாமல்தான் பிள்ளை பெற்று, சீட்டுப் போட்டு, சண்டை பிடித்து வாழ்ந்திருந்தார்கள். "முதுகுல காத்தாடி கட்டின தம்பி" என்று அவனுக்குப் பேரும் வைத்தார்கள்.

வீடு வீடாக நுழைந்து, முன்னறை, அடுப்படி, பின்வாசல் என்று நடந்து வெளியே வந்தவன், முப்பிடாதி வீட்டு வாசலில் மட்டும் நின்றுவிட்டான். நிலைப்படி முழுக்க வேப்பங்குழை கட்டியிருந்தது. தலைவாசலில் பாதிக்கு மேல் பச்சையாகத் தொங்கியது. உள்ளே முப்பிடாதியின் மகள் தர்ஷிகா, மூன்றாம் வகுப்புப் பிள்ளை, உடம்பெல்லாம் முத்துப் போட்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. அந்த வீட்டுக்காரர்கள் வெளிப்படி தாண்டக் கூடாது. அங்கே எண்ணெய்ச் சட்டி ஏறாது, கடுகு வெடிக்காது. ஒரு பொருள் வெளியே கொடுக்கக் கூடாது. தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றித் தாயை அனுப்பிவைக்கிற வரைக்கும் இதுதான் சட்டம். பூபாலனும் இதே மாவட்டத்துக்காரன். செருப்பைக் கழற்றினான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், வாசலுக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து அடுத்த வீட்டுக்குப் போனான். அந்த மண்ணில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அளவை ஆபீசில் கம்ப்யூட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. மரம் மறைத்தால் கட்டடம் தெரியாதே என்று, கருவி கொண்டுவந்த புள்ளிகளில் இலை எது, தழை எது என்று அதுவாகக் கண்டுபிடித்து, அத்தனையையும் அழித்துவிடும். அது வேப்பங்குழையையும் அழித்தது. அழித்த இடத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் குருவம்மாள் வீட்டுச் சுவர், அந்தப் பக்கம் தனுஷ்கோடி வீட்டுச் சுவர், நடுவில் வெறும் கறுப்பு. பூபாலன் பேட்டைத் தெருவை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில், இரண்டு சுவரையும் ஒரே கோடாக இழுத்து ஒட்டினான். ஒட்டுச்சுவர் வீடுகள்தானே என்று எண்ணிக்கொண்டான்.

வரைபடம் வந்தது, வீட்டுக்கு வீடு கதவெண் தகடு வந்தது. தகட்டைப் போனில் காட்டினால் வீட்டின் நீளமும் அகலமும் திரையில் எழும். மற்ற வீடுகளெல்லாம் இருந்தபடியே படத்தில் விழுந்திருந்ததால் இருந்தபடியே இருந்தன. தகடு அடிக்க வந்தவன் குருவம்மாள் கதவில் ஒன்று அடித்தான், இரண்டு எட்டு நகர்ந்து தனுஷ்கோடி கதவில் ஒன்று அடித்தான். நடுவில் இருந்த வாசலை அவன் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டான், போய்விட்டான்.

முப்பிடாதிக்கு முதலில் கட்டில்தான் காட்டிக்கொடுத்தது. பிள்ளைக்குத் தரையில்தான் படுக்கை என்பதால் குறுக்கே கிடந்த கட்டிலைத் தள்ளிவைக்கப் போனாள். அது இரண்டு சுவருக்கும் நடுவில் இறுகிக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. மறுநாள் கட்டிலின் சட்டம் வளைந்தது. அதற்கு மறுநாள் முறிந்தது. முப்பிடாதி முன்னறையின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து எட்டாத சுவர்கள் விரல் நுனியில் தட்டுப்பட்டன. பிறகு உள்ளங்கையில் பட்டன. பிறகு முழங்கையை மடக்கினால்தான் நிற்க முடிந்தது. சுவர் நகர்கிற சத்தமே இல்லை, சுண்ணாம்பு ஒரு பொட்டு உதிரவில்லை. ஏதோ சேலை தண்ணீர் பட்டுச் சுருங்குகிற மாதிரி வீடு தன்பாட்டில் சுருங்கிக்கொண்டிருந்தது.

தெருச் சன்னல் வழியாகக் குருவம்மாளைக் கூப்பிட்டாள்.

"மதினி, எங்க வீடு ஒடுங்குது மதினி. சுவரு ரெண்டும் கிட்ட வருது."

"அதான் பாத்தேன்," என்றாள் குருவம்மாள். ஐம்பது வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. "எங்க அடுப்படி நேத்துலருந்து அகலமா தெரியுது. கிரைண்டர எங்க போடன்னு இத்தன வருசமா கிடந்தேன். இப்ப இடம் வந்துட்டு."

"மதினி, புள்ளய அங்க கொண்டாந்து படுக்க வைக்கவா?"

"ஏ தாயி, என்ன பேச்சுப் பேசுத? முத்து எறங்காம இன்னொரு வீட்டு வாசப்படிய மிதிக்கலாமா? அவ கோவிச்சுக்கிட மாட்டாளா? மூணாந்தண்ணி ஊத்தட்டும், எல்லாம் தாயி பாத்துக்கிடுவா. மோரு ஊத்துதேன், ஏனத்தக் கொண்டா."

முப்பிடாதி தன் வீட்டுச் சொம்பைச் சன்னல் வழியாக நீட்டினாள். குருவம்மாள் கை அந்தப் பக்கம் காத்திருந்தது. சொம்பு சன்னல் கட்டையைத் தாண்டியதும் முதலில் வாய் விளிம்பு காணாமல் போனது, அப்புறம் வயிறு, அப்புறம் அடி. முப்பிடாதி கை விட்டாள், குருவம்மாள் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை, தெருவில் எதுவும் விழுந்த சத்தமும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எம்மேலதான் தப்பு," என்றாள் குருவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு. "அம்ம வீட்டுலருந்து பொருள் வாங்கக் கூடாதுல்லா. அதான் அவ எடுத்துக்கிட்டா."

முப்பிடாதி அன்று முழுவதும் படியைப் பார்க்கவே பயந்தாள். சொம்புக்கு ஆனது பிள்ளைக்கும் ஆகும். வெளியே தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று அதுவரை ஒரு மூலையில் வைத்திருந்த யோசனையும் அதோடு போனது. உள்ளே இருந்தால் சுவர், வெளியே போனால் ஒன்றுமில்லை.

போனுக்கும் அவளைத் தெரியாமல் போயிற்று. முகத்தைக் காட்டினால் திறக்கிற போன் திறக்கவில்லை, எண்ணைத் தட்டித்தான் திறந்தாள். நாளெல்லாம் தண்ணீர்க் குடத்துக்கும் படுக்கைக்கும் அலைந்தும் காலடிக் கணக்கு சைபரிலேயே நின்றது. பிள்ளையைப் படம் எடுத்து அதன் அப்பாவுக்கு அனுப்பலாம் என்று தூக்கிப் பிடித்தால் திரையில் சுவர் மட்டும் விழுந்தது. குரல் மட்டும் எப்படியோ செல்போன் கோபுரத்தைத் தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தது. தீப்பெட்டி லோடு ஏற்றி நாக்பூர் பக்கம் போயிருந்த அவள் புருஷன் வேல்ச்சாமி, லாரியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினான்.

"எங்க இருக்க புள்ள?"

"வீட்லதான் இருக்கேன்."

"பொய் சொல்லாத. போன்ல பாத்தா நீ குருவம்மா மதினி அடுப்படியில நிக்கிறதா காட்டுது. இந்தா, இப்பத் தனுஷ்கோடி அண்ணாச்சி வீட்டுக்குப் போயிட்ட. அம்ம போட்ட புள்ளயப் போட்டுட்டு ஊரு சுத்துதியா?"

"ஐயோ, நான் நின்ன இடத்துலதான் நிக்கேன். எனக்குத்தான் நிக்க இடம் இல்லாமப் போவுது," என்று முப்பிடாதி அழுதாள். போனில் அவள் இருக்கிற இடத்தைக் காட்டுகிற நீலப் புள்ளிக்கு அவளை வைக்க ஓரிடம் கிடைக்காமல், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் தாவிக்கொண்டே இருந்தது.

தெரு என்ன செய்தது என்றால், பழகிக்கொண்டது. பால்காரர் முப்பிடாதி வீட்டுப் பாலைக் குருவம்மாள் வீட்டு ஆணியில் தொங்கவிட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் அப்படி ஒரு கதவே போனில் இல்லை என்று ஏற்றிக்கொண்டு போனான். அளந்த படத்தில் தன் வீடு விட்டுப்போனது முப்பிடாதிக்கு அப்போதுதான் விளங்கியது. பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற தனுஷ்கோடி அண்ணாச்சி, தன் முன்னறை அகன்றதை முன்னிட்டு ஊஞ்சல் ஒன்று வாங்கி மாட்டினார். மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் அம்மை என்பதால் ஆடாமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். காலையில் கோலம் போடுகிற பெண்கள், முப்பிடாதி வாசலின் அகலம் குறைந்துபோனதால், இந்தப் பக்கத்துக் கம்பியையும் அந்தப் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். வாசல் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடுக்காக ஆனபோது, யாரோ அங்கே ஒரு அகல்விளக்கு வைத்தார்கள்.

விளக்கு வைத்த பிறகு கேட்கவா வேண்டும்? மறுநாள் மஞ்சள் பூசினார்கள், அதற்கு மறுநாள் குங்குமம் வைத்தார்கள், கூழ் காய்ச்சி இடுக்கின் முன் வைத்துக் கும்பிட்டார்கள், அடுத்த தெருவிலிருந்து பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வந்தார்கள், இடுக்கம்மன் என்று பெயரும் வந்துவிட்டது. உள்ளே தர்ஷிகா தாகத்தில் முனகினால் வெளியே குலவை போட்டார்கள். முப்பிடாதி, "யாராவது அந்த அளக்குற தம்பியக் கூப்பிடுங்களேன்," என்று கத்தினால், அம்மன் வாக்குச் சொல்கிறாள் என்று தேங்காய் உடைத்தார்கள். அவளுக்கு ஆங்காரம் வந்தது. வந்து என்ன செய்ய? குலவைச் சத்தத்தில் அவள் சத்தம் கரைந்துபோனது.

அளவை பற்றிய அறிவிப்புத் துண்டுச்சீட்டு ஒன்று அடுப்படி மாடத்தில் சொருகியிருந்தது. அதில் இருந்த எண்ணுக்கு அவளே பேசினாள். பூபாலன் ஆரம்பத்தில் புரியாமல் கேட்டான், புரிந்ததும் தான் இழுத்த கோடு நினைவுக்கு வந்தது. "அக்கா, நான் வாரேன்," என்று மட்டும் சொன்னான்.

வந்தான். உச்சிவெயிலில், கும்பிட நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடுக்கின் முன் நின்றான். அவன் இழுத்த கோட்டை அவன் கண்ணாலேயே பார்த்தான். ஒட்டியும் ஒட்டாமலும் நின்ற இரண்டு சுவருக்கு நடுவில் வேப்பங்குழை நசுங்கித் தொங்கியது. அதற்குப் பின்னால் இருட்டில் ஒரு பெண்ணின் பாதி முகம் தெரிந்தது.

"உள்ள வந்து அளந்துட்டா சரியாயிருமா தம்பி?"

"சரியாயிரும்க்கா. ஆனா வீடு படத்துல இல்லாததுனால, உள்ள இருக்கிற ஒண்ணுமே படத்துல இல்ல. அம்மி, குடம், நீங்க, பாப்பா, எல்லாமே கருவி கண்ணுல படணும். படாதது..." காணாமல் போன சொம்பு முப்பிடாதிக்கு ஞாபகம் வந்தது.

"அப்போ வா."

"அக்கா, அம்ம வீடுக்கா. மூணாந்தண்ணி இன்னும் ஊத்தலையே."

"ஊத்துறதுக்குள்ள நாங்க இருக்க மாட்டோம்யா. நான் கூப்பிடுதேன், வா. கோவம் வந்தா தாயி எம்மேல காட்டட்டும்."

கூட்டம் கொதித்தது. இடுக்கம்மன் சன்னதிக்குள் மிஷினைக் கொண்டு போவதா என்று தேங்காய்க் கடைக்காரன் குறுக்கே நின்றான். தனுஷ்கோடி அண்ணாச்சி, எதற்கும் மேலிடத்தில் ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டு செய்வதுதான் முறை என்றார். அவர் மனம் ஊஞ்சலில் இருந்தது. குருவம்மாள்தான் எதிர்பாராமல் வாய் திறந்தாள். கிரைண்டர் போட்ட இடத்துச் சுவர் கொஞ்ச நாளாகவே சுட்டது, அந்தச் சுவரோரம் வைத்த மாவு மட்டும் சீக்கிரம் புளித்தது. அன்று காலையில் என்னவென்று சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தவளுக்கு, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை மூச்சுவிடுவது கேட்டிருந்தது.

"சுடுறது அம்மனில்ல, எங்க தர்ஷி," என்றாள். "அந்தப் புள்ளைக்குக் காச்ச. எங்கிட்டுருந்து பாத்தாலும் அது பச்சப் புள்ள. தள்ளுங்கடே, இல்ல நான் கெட்ட வார்த்த பேசுவேன்." அவள் பேசினால் எப்படிப் பேசுவாள் என்று தெருவுக்குத் தெரியும். வழி விட்டார்கள்.

கருவியை முதுகில் வைத்து நுழைய இடமில்லை. பூபாலன் அதைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், பக்கவாட்டாக உரசி உரசி உள்ளே போனான். உருளை சுற்றியது. கையில் இருந்த திரையில் வீடு புள்ளி புள்ளியாகப் பூத்தது: முறிந்த கட்டில், குடம், அம்மி, சாமி படம், பிள்ளையின் புத்தகப் பை. முப்பிடாதி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஒடுங்கி நிற்கிற ஒரு பெண் உருவம் தெரிந்தது, அது தான்தான் என்று அறிந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. படுக்கை இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே தரை மட்டும்தான் இருந்தது.

"எம்புள்ள எங்க?"

பூபாலனும் பார்த்தான். தர்ஷிகா வேப்பிலையில் படுத்து, வேப்பிலை போர்த்தி, தலைமாட்டில் வேப்பிலை வைத்துக் கிடந்தாள்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி இதுவும் இலைய அழிச்சிருதுக்கா. இலைக்குள்ள இருக்கதையும் சேத்து இலைன்னு நினைச்சு அழிச்சிருது."

அதே நேரம் கட்டிலின் மிச்சச் சட்டம் சடசடவென்று நொறுங்கியது. சுவர்கள் இனி மெல்ல வருகிற உத்தேசத்தில் இல்லை. முப்பிடாதி குனிந்தாள். தாயின் படுக்கையை மூன்றாந்தண்ணிக்கு முன் கலைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லித்தந்த அத்தனை பேரும் ஒருசேர நினைவுக்கு வந்தார்கள். வந்தவர்களை அப்படியே நிற்கவிட்டு, இரண்டு கையாலும் இலைகளை வாரி எறிந்தாள், பிள்ளையின் மேலே ஒட்டியிருந்ததை எல்லாம் உதறினாள், முத்துக்கள் உடையுமே என்று பதறியபடியே தூக்கி இடுப்பில் வைத்து இறுக்கினாள். பிள்ளைக்கு நிற்கத் தெம்பில்லை, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் சாய்ந்தது. உருளை ஒரு சுற்றுச் சுற்றியது. திரையில் அவர்கள் இருவரும் விழுந்தார்கள், ஆனால் ஒரே உருவமாக, ஒரே கோட்டுக்குள்.

"ரெண்டும் சேந்து விழுந்துருக்குக்கா. எறக்கி விட்டு, எட்ட நிப்பாட்டி, இன்னொரு தடவ..."

"எங்க எட்ட நிப்பாட்ட? அமுக்கு தம்பி!"

சுவர் பூபாலனின் முதுகைத் தொட்டது. அவன் திரையில் இருந்த பதிவுப் பொத்தானை அமுக்கினான்.

வீடு நெட்டி முறிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. சுவர்கள் வந்த வழியே போயின. குருவம்மாள் கிரைண்டர் கவிழ்ந்தது, தனுஷ்கோடி அண்ணாச்சி ஊஞ்சலோடு சுவரில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டார், வாசலில் வைத்திருந்த விளக்கும் தேங்காய்களும் சிதறி ஓடின. இரண்டொரு நாளில் கதவெண் தகடும் வந்தது. மூன்றாந்தண்ணியும் ஊற்றினார்கள், பிள்ளை இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்றதால் இரண்டு பேர் தலையிலும் சேர்த்தே ஊற்றினார்கள்.

தண்ணீர் ஊற்றிய பிறகுதான் முப்பிடாதி பிள்ளையைத் தரையில் இறக்கினாள். "அம்மா, பசிக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்த தர்ஷிகாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் நிழல் போயிற்று. அப்புறம் அவள் காலுக்குப் பின்னாலிருந்த தரை ஓடு, கால் வழியாகவே தெரிந்தது. முப்பிடாதி அலறிக்கொண்டு தூக்கினாள். இடுப்பில் ஏறியதும் பிள்ளை பழையபடி கனத்தாள், "பசிக்கு," என்றாள். வடக்கேயிருந்து ஓடிவந்த வேல்ச்சாமி வாங்கிப் பார்த்தான், குருவம்மாள் வாங்கிப் பார்த்தாள். யார் கையிலும் பிள்ளை நிலைக்கவில்லை. படத்தில் இருவரும் ஒன்றுதான்.

தெரு இதற்கும் பழகியது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு பேருக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். தனுஷ்கோடி அண்ணாச்சி அது விதிப்படி சரிதான் என்று ஒப்புதல் கொடுத்தார். மதியத்துக்கு மேல் அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் முப்பிடாதிக்குச் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார இடம் விட்டார்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் பேர் வாசிக்கும்போது தர்ஷிகா மடியில் இருந்தபடியே கையைத் தூக்கி, "உள்ளேன் அம்மா," என்றாள். ராத்திரி இருவரையும் ஒரே சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு முப்பிடாதி படுத்தாள், முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று விழித்து விழித்துத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை வளர்ந்தாள். மாதத்துக்கு மாதம் கனம் ஏறியது. முப்பிடாதியின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது, காலில் வீக்கம் வந்தது. கை ஓய்ந்துபோகிற ஒரு நாள் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாளை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பூபாலன் அடுத்த வெயில்காலத்தில் கருவியோடு வந்தான். ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு முறை அளக்க அனுமதி வாங்கியிருந்தான். வாசலில் வேப்பிலை இல்லை, தெரு முழுக்க யார் வீட்டிலும் ஒரு இணுக்குகூட இல்லாமல் குருவம்மாள் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒளி போயிட்டு வரணும்க்கா. பாப்பா தரையில நிக்கணும். நீங்க எட்ட நிக்கணும். உருள ஒரு சுத்து முடியுற வரைக்கும் கிட்ட வரக் கூடாது, வந்தா மறுபடியும் ஒண்ணாத்தான் விழும்."

"அதுக்குள்ள அவ கரைஞ்சு போயிட்டா?"

முப்பிடாதி பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "வேண்டாம், நீ போ, எங்காலம் முடியுற வரைக்கும் நானே சுமக்கேன்," என்றாள். வேல்ச்சாமி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தர்ஷிகாதான் அம்மாவின் காதில் சொன்னாள்.

"உனக்குக் கால் வலிக்கும்மா. நான் நிக்கேன். நீ டீச்சர் மாதிரி பேர் வாசி, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

முப்பிடாதி பிள்ளையை முன்னறையின் நடுவில் இறக்கினாள். பின்னாலேயே நடந்து சுவரோரம் போய் நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள், தானாக நீண்டுவிடுமோ என்று பயந்து. உருளை சுற்றத் தொடங்கியது.

"தர்ஷிகா."

"உள்ளேன் அம்மா."

"தர்ஷிகா."

"உள்ளேன் அம்மா." குரல் மெலிந்திருந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"தர்ஷிகா."

உதடு அசைந்தது, அவ்வளவுதான். நிழல் போனது. பிள்ளையின் பாவாடைக்குப் பின்னால் இருந்த கதவு தெரிந்தது. முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்திருந்தால் ஓடியிருப்பாள். வாசலில் நின்ற குருவம்மாள் வாய்விட்டு, "தர்ஷிகா!" என்று கூப்பிட்டாள், தனுஷ்கோடி அண்ணாச்சி கூப்பிட்டார், தேங்காய்க் கடைக்காரன் கூப்பிட்டான், குலவை போட்ட பெண்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள், ஒரு தெரு முழுக்க ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் பதில் வரவில்லை. முப்பிடாதி நகரவில்லை. பெற்றவளுக்கு அதைவிடக் கடினமான வேலை இன்னொன்று இருக்க முடியாது. அவள் அதைச் செய்தாள்.

உருளை நின்றது. கூவின வாய்களும் நின்றன. பூபாலன் திரையைப் பார்த்துப் பதிவுப் பொத்தானை அமுக்கினான். முப்பிடாதி கண்ணைத் திறக்காமல் ஒரு தடவை கேட்டாள்.

"தர்ஷிகா?"

"உள்ளேன் அம்மா," என்றது பிள்ளை. குரல் வந்த இடம் நடு அறை இல்லை. அவள் யார் கண்ணுக்கும் தெரியாமல் நடந்துபோய் வாசற்படிக்கு அந்தப் பக்கம், தெருவில், வெயிலில், தன் காலில் நின்றுகொண்டிருந்தாள், நிழல் காலடியில் கிடந்தது.

இப்போது தர்ஷிகா ஹைஸ்கூல் போகிறாள், தனியாக பஸ் ஏறுகிறாள், தனி டிக்கெட் வாங்குகிறாள். பேட்டைத் தெருவில் இன்றைக்கும் அம்மை கண்டால் வேப்பங்குழையை வீட்டுக்குள்தான் கட்டுகிறார்கள், வாசலில் கட்டுவதில்லை. முப்பிடாதி அடுப்படியில் நின்றபடி காரணமே இல்லாமல் திடீரென்று மகள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பிள்ளை எந்த அறையில் இருந்தாலும், எரிச்சலாக இருந்தாலும், போனை நோண்டிக்கொண்டிருந்தாலும், "உள்ளேன் அம்மா," என்று சொல்லிவிடுவாள். சொல்லக் கொஞ்சம் தாமதமானால் முப்பிடாதி கையில் இருக்கிற கரண்டி கீழே விழுந்துவிடும்.